விளக்கு வைத்த பிறகு

என் மகள் சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்த ஒன்றரை வருடமும் நான் வாரம் தவறாமல் அவளுக்குக் கடிதம் எழுதினேன். அவள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தாள். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவளுடைய அறைத்தோழி டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே தலைப்பின்னல் ரிப்பனால் கட்டிய கட்டாகக் கடிதங்கள் இருந்தன. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து வடிகட்டிக் குடி. ஐந்து மணிக்கு எழுந்திரு. ஈரத் தலையோடு படுக்காதே. படிக்கும்போது விளக்கு இடது பக்கம் இருக்கட்டும். கிழங்கு எதையும் தொடாதே. விளக்கு வைத்த பிறகு வாயில் எதையும் போடாதே.

நான் செஞ்சியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சுகாதாரப் பாடம் நடத்தி நடத்தி என் கடிதங்களும் அப்படியே ஆகிவிட்டிருந்தன. கட்டு முழுவதையும் இரண்டு முறை பார்த்தேன். சாப்பிட்டாயா என்று ஒரு கடிதத்திலும் நான் கேட்டிருக்கவில்லை.

நாங்கள் சமணர்கள். பூர்வீகம் மேல்சித்தாமூர். கணவருக்கு செஞ்சி பஜாரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். கிழங்கு, வெங்காயம், பூண்டு எங்கள் வீட்டில் சேர்ப்பதில்லை. இருட்டில் உணவில் விழும் சிறு உயிர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது எங்கள் வழக்கம். ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்போம். ஐந்து மணிக்கெல்லாம் சோறு ஆவி பறக்க இலையில் இருக்கும். இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொள்கிறோம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். நகர்த்துவதற்கு ஓர் அடுப்பும் ஓர் ஆளும் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் அந்த ஆள் நான்தான்.

விடுதியில் சேர்க்கப் போன நாளில் வார்டன் அம்மாள் நேரங்களைப் படித்துச் சொன்னார். ராத்திரி சாப்பாடு ஏழேகாலுக்கு. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவ ராத்திரியில சாப்பிட மாட்டாம்மா," என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"அப்படின்னா சமையல்காரர்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை பேசிடுங்க. சாயந்திரமே தனியா ஏதாவது செஞ்சு வைக்கச் சொல்லலாம்."

சமையற்கட்டு பின்கட்டில் இருந்தது. நான் இரண்டு அடி எடுத்து வைத்தேன். வாசலில் கணவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "டீச்சரம்மா, கிளாஸ முடி. திண்டிவனம் பஸ் நமக்காக நிக்குமா?"

நான் மகளிடம், "நீயே கேட்டுக்க கண்ணு. வாய் இல்லியா உனக்கு?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

வாய் இருந்தது. ஆனால் அடுத்தவர் வீட்டில் தானாகக் கேட்டுச் சாப்பிடக் கூடாது என்று நான்தான் அவளைச் சிறு வயது முதல் தொடையில் கிள்ளிக் கிள்ளி வளர்த்திருந்தேன். அவள் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறாள். "ஒருத்திக்காக அஞ்சு மணிக்கு உலை வெக்க முடியுமா பாப்பா?" என்றாராம் சமையல்காரர். அதோடு விட்டுவிட்டாள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அப்போது தெரிந்ததெல்லாம் அவள் கடிதத்தில் எழுதியதுதான். இரண்டாவது மாதம் ஒரு கடிதம் வந்தது. "இங்கே எனக்குக் கோழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் அம்மா. மெஸ் மணி அடிக்கும்போது நான் மட்டும் படுக்கையில் ஏறிவிடுகிறேனாம். 'கோழி அடைஞ்சிடுச்சு, கூடையக் கவுத்துட்டு வாங்கடி' என்று சிரித்துக்கொண்டே சாப்பிடப் போகிறார்கள்."

அதை நான் கணவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "பார்த்தியா, நம்ம வீட்டுக் கோழி காலேஜ் படிக்குது!" என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். பதில் எழுதினேன்: "கேலியைப் பொருட்படுத்தாதே. சீக்கிரம் படுப்பது உடலுக்கு மிகவும் நல்லது." அந்தக் கடிதமும் ரிப்பன் கட்டுக்குள் இருந்தது. பசியை மறக்கப் படுத்தவளுக்கு நான் எழுதிய பதில் அது.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இளைத்துத்தான் வந்தாள். படிப்பு, பட்டணத்துத் தண்ணீர் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். திரும்பிப் போகும்போது ஒரு டின் நிறைய மல்லாட்டை உருண்டை பிடித்துக் கொடுப்பேன். டின் காலியாகவே திரும்பி வரும். பெண் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று சந்தோஷப்பட்டேன். அறையில் நான்கு பேர். உருண்டை வாரம் தாண்டாது. எந்தக் கிழமை தீர்ந்தது என்று கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வருடம் தை மாதம் தந்தி வந்தது. வகுப்பில் இருமி, கைக்குட்டையில் ரத்தம் பார்த்துவிட்டு மயங்கி விழுந்திருக்கிறாள். நாங்கள் போனபோது ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்து முடித்திருந்தார்கள். இடது நுரையீரலில் காசம்.

லேடி டாக்டர் கட்டிலின் ஓரத்தில் நின்று அவளிடம் கேட்டார். "ராத்திரி என்னம்மா சாப்பிடுவே?"

"ராத்திரியில சாப்பிடறதில்ல டாக்டர்."

"சாயந்திரம்?"

"நாலு மணிக்குக் காப்பி. வடை போடுவாங்க. அதுல வெங்காயம் இருக்கும், அதனால..."

"எத்தனை நாளா இப்படி?"

மகள் என்னைப் பார்த்தாள். விடுதியில் சேர்த்த அன்று பார்த்த அதே பார்வை. "காலேஜ் சேர்ந்ததுலேர்ந்து," என்றாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கிருமி யாருக்கு வேணாலும் வரும்மா. ஆனா எதிர்த்து நிக்க இந்த உடம்புல ஒண்ணும் இல்லையே. நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

நான் மகளின் போர்வையை இழுத்துவிட்டேன். டீச்சர் என்று கணவர்தான் சொன்னார்.

காசநோய் சானடோரியத்தில் இடம் கிடைக்க நாளாகும் என்றார்கள். வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். கம்பவுண்டர் தினமும் காலையில் வந்து ஊசி போடுகிறார். அவளுடைய தட்டு, தம்ளர், படுக்கை எல்லாம் தனி. கணவர் கடையிலிருந்து வந்ததும் அவள் அறை வாசலில் நின்று, "இன்னா கோழி..." என்று கேட்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார் ஒரு நாள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்கவில்லை. என்னை அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியது ஒன்று. ராத்திரி எட்டு மணி மாத்திரை வெறும் வயிற்றில் போகக் கூடாது. சோறும் பாலும் சாப்பிட்ட பிறகே கொடுக்க வேண்டும். உடம்பு சரியில்லாதவர்களுக்கு வழக்கத்தில் விலக்கு உண்டு என்று எங்கள் உறவினர்களே சொன்னார்கள். என் மகள்தான் கேட்கவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்குவாள். அரை மணியில் வாந்தியோடு அதுவும் வந்துவிடும். இப்படிப் பத்து நாள் போனது. எடை இன்னும் குறைந்தது. இப்படியே போனால் மருந்து இருந்தும் பயனில்லை என்று கம்பவுண்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

அன்று விளக்கு வைத்த பிறகு பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"குடி கண்ணு."

"பொழுது போயிடுச்சும்மா."

"போனா போவட்டும். நான் சொல்றேன், குடி."

"நீதானே வேணாம்னு எழுதினே? வாரா வாரம் எழுதினியே."

"தப்பா எழுதிட்டேன்டி."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகெலும்பின் கணுக்கள் ரவிக்கைக்கு மேலே ஒவ்வொன்றாகத் தெரிந்தன. திரும்பாமலே கேட்டாள்: "நீ குடிப்பியா?"

எனக்கு நாற்பத்தாறு வயது. பிள்ளை பெற்ற இரவிலும் நான் விடியும்வரை தண்ணீர் கேட்டதில்லை. சமையலறைக்குப் போய் என் தம்ளரில் பால் ஊற்றிக்கொண்டு வந்து அவள் பார்க்கக் குடித்தேன். பாதி பால் புடவையில் சிந்தியது.

அவள் எழுந்து உட்கார்ந்து தன் தம்ளரை வாங்கிக்கொண்டாள். குடித்தாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். அரை மணி ஆகட்டும் என்று கையில் கிண்ணத்தோடு காத்திருந்தேன். வாந்தி வரவில்லை.

அதிலிருந்து தினமும் எட்டு மணிக்கு அவளோடு நானும் சாப்பிடுகிறேன். எடை அரை ராத்தல் ஏறியது. போன வாரம் மறுபடியும் இறங்கிவிட்டது. அடுத்த படம் அடுத்த மாதம் எடுக்க வேண்டும். இடது பக்கம் தேறும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. கல்லூரியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மறுபடியும் சுகாதாரப் பாடம் வந்திருக்கிறது. கரும்பலகையில் தலைப்பை எழுதிவிட்டு நிற்கிறேன். அதற்குக் கீழே எழுதக் கை வரவில்லை. காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு பிள்ளையிடமும் "சாப்டியா?" என்று மட்டும் கேட்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சாப்பிடாமல் வந்தவர்களும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்கிறார்கள்.