பெல்ட்டுக்குப் போட்ட வலை

சிவனேஸ்வரிக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. கேட்பவர்களுக்கு "மெசின் திண்டது" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார். ஆனால் லண்டனில் எங்கள் சனம் இருந்த அப்டன் பார்க்கில் உலவிய கதை வேறு. அவருடைய தாலிக்கொடி மெசினில் சிக்கியதாம், அவர்தான் கவனமில்லாதவராம். அந்தப் பொய் பிறந்த இடத்தைச் சொல்லாமல் விட்டால் நெஞ்சு ஆறாது.

கிழக்கு லண்டனில் இருந்த அந்தத் தொழிற்சாலையை, குதிரை பூட்டி இழுக்கிற புல்வெட்டும் மெசின்கள் செய்வதற்கென்றுதான் தொடங்கினார்கள். குதிரைகள் போய் டிராக்டர் வந்தது. டிராக்டருக்குப் பின்னால் பூட்டும் மெசின்களுக்கான பாகங்களும் அங்கேயே செய்யப்பட்டன. 1986 இல் சிவனேஸ்வரி வேலைக்குச் சேர்ந்தபோது, அவர் முன்னால் நின்ற துளைபோடும் மெசின் இன்னும் குதிரைக் காலத்தை விட்டு அசையவில்லை. கூரைக்குக் கீழே நீளமான இரும்புத் தண்டு ஒன்று சுழலும். அதிலிருந்து இறங்கும் தோல் பெல்ட்டுகள்தான் எல்லா மெசின்களையும் ஓட்டின. பெல்ட்டுக்கும் கைக்கும் இடையில் காற்றைத் தவிர ஒன்றும் கிடையாது. புதிய மெசின் வாங்க முதலாளிக்கு மனம் வரவில்லை. போவது அவருடைய விரலா என்ன?

அங்கே வேலை செய்த எங்கள் பெண்கள் தாலியைக் கழற்றுவதில்லை. ஷிப்ட் தொடங்குமுன் கொடியைச் சட்டைக்குள் விட்டு ஊக்குக் குத்திக்கொள்வார்கள். விபத்து நடந்த அன்றும் சிவனேஸ்வரி குத்தியிருந்தார். பெல்ட்டின் இரண்டு முனைகளையும் பொருத்தியிருந்த கம்பிக் கொக்கி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. விரல்கள் போயின. தாலிக்கொடி ஆஸ்பத்திரிவரை அதே ஊக்கோடு நெஞ்சிலேயே கிடந்தது.

மேற்பார்வையாளர் றெஜினோல்ட் மறுநாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெல்ட்டுக்குக் காப்பு வலை இருந்ததாம், சிவனேஸ்வரிதான் கழற்றி வைத்தாராம், கழுத்துச் சங்கிலிதான் சிக்கியதாம். இனி எல்லாப் பெண்களும் தாலியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும், எல்லாம் அவர்களுடைய நன்மைக்குத்தான் என்றார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை.

பக்கத்து மெசினில் நின்ற மரியநாயகி, கோயிலில் கட்டிய நாளிலிருந்து தாலியைக் கழற்றாதவர். அதை அழுதுகொண்டே கைப்பையில் போட்டார். "உம்மாலதான்" என்ற ஒரு சொல்லோடு சிவனேஸ்வரியுடன் பேச்சை நிறுத்தினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சிவனேஸ்வரியின் கணவர் குகதாசனோ, அகதி விண்ணப்பம் முடியும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்றார். சிவனேஸ்வரி திறக்கவில்லை. உள்ளே எரிந்ததை யார் அணைத்தார்கள்?

1993 இல், மூடிக் கிடந்த தொழிற்சாலையின் ஒரு பகுதியைப் பழைய மெசின்களைக் காட்டும் நூதனசாலை ஆக்கி, முன்னாள் தொழிலாளர்களைத் தேநீருக்கு அழைத்தார்கள். சிவனேஸ்வரியும் போனார். அவருடைய மெசின் பச்சை வர்ணம் பூசிக்கொண்டு நின்றது. பெல்ட்டைச் சுற்றிப் பளபளவென்று கம்பி வலை. அவர் கிட்டப் போனார். இந்த வலை எப்போது வந்தது என்று நூதனசாலையில் வேலை செய்த பியற்றிஸ் என்ற பெண்ணைக் கேட்டார்.

போன மாதம்தான் போட்டோம் என்றாள் அவள் பெருமையாக. இந்த மெசினுக்கு வலை இருந்ததே இல்லையாம். வலையைப் பூட்ட இரும்பில் ஒரு துளைகூட இருக்கவில்லையாம், புதிதாகத்தான் போட வேண்டியிருந்ததாம். வலை இல்லாமல் பார்வையாளர்களைக் கிட்ட விடக்கூடாது என்பது கவுன்சில் உத்தரவாம். தும்பை விட்டு வாலைப் பிடித்திருக்கிறார்கள், அதுவும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக.

சிவனேஸ்வரி நேரே போய், தேநீருக்கு வந்து தனியாக நின்ற மரியநாயகியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். சொன்னதைத் திரும்பச் சொல் என்றார் பியற்றிஸிடம். அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னார். பிறகு தன் பங்குக்கும் ஒன்று சொன்னார்.

"பாக்க வாற சனத்துக்கு வலை வேணுமாம். வேலை செய்த எங்களுக்குத் தேவையில்லையாம்."

மரியநாயகி வலையைத் தொட்டுப் பார்த்தார். புதுத் துளைகளைத் தொட்டார். கழுத்திலிருந்த தாலியை இறுகப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது.

"றெஜினோல்ட் அங்கை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கிறார். எனக்கு இங்கிலீசு ஏலாது. நீர் கேளும், நான் பக்கத்திலை நிக்கிறன்."