மஞ்சள் வைத்த பனியன்

போன வாரம் என் இதயம் ஒரு மணி நேரம் நின்றுபோனது. பயப்படாதீர்கள்... செல்போனில்தான்!

அதற்கு முன்பு இரண்டு முறை தலை சுற்றி விழுந்திருந்தேன். ஒன்று ரேஷன் கடை வரிசையில். திண்டிவனம் டாக்டர் ஒரு பனியனை எடுத்து மாட்டிவிட்டார். "ஒரு வாரம் போட்டுக்குங்க. துடிப்பு விட்டுவிட்டு வந்தா, நெஞ்சுக்குள்ள சின்ன மிஷின் வைக்கணும்" என்றார்.

பார்த்தால் சாதாரண பனியன்தான். ஆனால் நூலோடு நூலாக வெள்ளி இழை ஓடுகிறது. உள்பக்கம் நெஞ்சுக்கு நேராக ஒரு கறுப்புப் பட்டை. அது துடிப்பைப் பிடித்து என் செல்போனுக்கு அனுப்பும். அங்கிருந்து டாக்டருக்கும், சென்னையில் இருக்கும் என் மகள் கவிதாவுக்கும் போகும். முன்பெல்லாம் துணி மானத்தைத்தான் காத்தது. இப்போது உளவும் பார்க்கிறது!

"கரண்ட் ஓடுதாமே, ஷாக் அடிக்காதா?" என்று செஞ்சி வந்து சேரும்வரை பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தாள் என் மனைவி செல்வி. மிஷின் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை குளித்து, பனியனை மாட்டிக்கொண்டு, கூட்ரோட்டுக்கு டீ குடிக்கப் போனேன். சர்க்கரை இல்லாமல்தான் – நம்புங்கள். பாதி டீயில், செல்வி ஓடி வருவது தெரிந்தது. காலில் செருப்பு இல்லை. வந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் கடை பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"கவிதா போன் பண்ணா. உங்களுக்குத் துடிப்பே காட்டலியாம். அடிச்சா எடுக்கறதுக்கு இன்னா உங்களுக்கு?"

போன் சைலன்ட்டில் கிடந்தது. மகளைக் கூப்பிட்டேன்.

"நைனா... நைனாதானே?" என்றாள். நான்தான் என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் நம்பினாள்.

வீட்டுக்கு வந்து பனியனைக் கழற்றினால், கறுப்புப் பட்டை முழுக்க மஞ்சள் அப்பிக் காய்ந்திருக்கிறது!

"புதுத்துணிக்கு மஞ்சள் வெக்காமலே அங்க மாட்டிவுட்டுட்டாங்க. அதுவும் நெஞ்சுக்கு நேரா கறுப்பு... மனசு கேக்கல. நீங்க குளிக்கப் போனப்ப தடவிட்டேன்" என்றாள் செல்வி.

திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் செல்போனை வாங்கிக்கொண்டாள்.

கிளினிக்குக்கு அவளேதான் போன் போட்டாள். "தப்பு எம்மேலதாம்மா. டெஸ்ட்ட மொதல்லேருந்து எடுக்கணுமா?"

எதிர்முனையில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். "வேணாம்மா. ஒரு மணி நேரம்தான் போச்சு. ஈரத்துணியால தொடச்சிட்டு மாட்டுங்க. மஞ்சள் வெக்கணும்னா தோள்பட்டை ஓரமா வெச்சுக்குங்க, அங்க ஒண்ணும் இல்ல."

அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். பனியனோடு வந்த புத்தகத்தில் எப்படித் துவைப்பது, எப்படி மடிப்பது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். மஞ்சள் வைக்க ஓர் இடம் குறித்திருந்தால் குறைந்தா போவார்கள்? நம் உடம்பைப் பற்றி எல்லாம் தெரிந்த துணிக்கு, நம் வீட்டைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

நேற்று முடிவு சொன்னார்கள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். செல்வி டாக்டரைப் பார்த்தாள்.

"மிஷின் வேணாம். துடிப்பு சரியா இருக்கு. நீங்க சாப்பிடற பிரஷர் மாத்திரைதான் ஒத்துக்காம தலை சுத்தியிருக்கு, மாத்தித் தர்றேன்."

வெளியே வந்ததும் செல்வி படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதறிப்போய், "இன்னா ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல... பசிக்குது."

ஒரு வாரமாகக் கிடந்து அடித்துக்கொண்டது அவள் நெஞ்சு. பனியனை மாட்டியதோ எனக்கு!