பெரார்கஞ்சில் ஒரு பீச் மரம்

எங்கள் சித்தி கோத்தகிரிக்காரர். கல்யாணமாகி எங்கள் தீவுக்கு, பெரார்கஞ்சுக்கு வந்தபோது பெட்டியில் இரண்டு ஸ்வெட்டர் இருந்தது. அவை பெட்டியிலேயே இருந்தன.

மெயின்லேண்டுக்குப் போன சித்தப்பா, கப்பலில் ஒரு பீச் ஒட்டுக்கன்றை மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அதிகக் குளிர் கேட்காத ரகம், சமவெளியிலும் காய்க்கும் என்று நர்சரிக்காரர் அடித்துச் சொன்னாராம். கன்று எங்கள் மழையைக் குடித்துத் தழைத்து வளர்ந்தது. மூன்றாம் வருடமும் பூவைத்தான் காணோம்.

"பனி விழுந்தா இலையைக் கொட்டிட்டுத் தூங்கும். தூங்கி எழுந்தாத்தான் பூக்கும். இங்க அது எப்பத் தூங்கும்?" என்றார் சித்தி.

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த வருஷமும் பூக்கலைன்னா வெட்டிட்டுப் பாக்கு வச்சிடுவோம்டா."

சித்தப்பா போனில் வீடியோ தேடினார். எங்கள் ஊர் நெட்டில் அது நகர்வதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. பிறகு மரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலில் ஏறி, ஒவ்வொரு இலையாகக் கையால் உருவத் தொடங்கினார். கீழ்க்கிளைகள் என் பங்கு.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வங்காளித் தாத்தா எட்டிப் பார்த்தார். "பாகல் ஹோ கயா க்யா?"

"பைத்தியமெல்லாம் இல்ல தாதா, பேட் கோ சுலா ரஹா ஹூம். மரத்தைத் தூங்க வைக்கிறேன்" என்றார் சித்தப்பா, இரண்டு மொழியிலும்.

மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வாங்கிவந்து வேரடியில் கொட்டினார். குளிர் வந்ததோ இல்லையோ, தெருப் பூனைகள் எல்லாம் வந்தன.

சில வாரங்கள் கழித்து, துணி காயப்போடப் போன சித்தி ஈரப்புடவையைத் தோளில் போட்டபடி அப்படியே நின்றுவிட்டார். மொட்டைக் கிளை நெடுக இளஞ்சிவப்புப் பூக்கள்.

பிஞ்சுகள் நெருக்கமாகப் பிடித்தன. மிச்சம் பெரிதாகட்டும் என்று சித்தி பாதியைக் கிள்ளிப் போட்டார், நான் அழுதேன். அணிலும் காற்றும் போக, கோடை முடிவில் ஒரு கிண்ணம் பழம் தேறியது. மேலெல்லாம் பூனைக்குட்டி மாதிரி மெல்லிய ரோமம்.

நான் ஒரு துண்டைக் கடித்து உடனே துப்பினேன். அப்பா மென்றபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தப்பா பழத்தைத் தொடவில்லை, சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி கொட்டை வரை சப்பிச் சாப்பிட்டார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"அப்படியே எங்க ஊர்ப் பழந்தாங்க."

சித்தப்பா சிரித்த சிரிப்பு வேலி தாண்டிக் கேட்டிருக்கும். வெட்டுகிற பேச்சை அப்பா அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

எனக்குச் சித்தியை நினைத்துப் பாவமாக இருந்தது. இவ்வளவு புளிக்கிற பழம் விளையும் ஊரில் போய்ப் பிறந்திருக்கிறாரே என்று, அன்று முழுக்க அவரிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டேன்.