பழைய பிளாக் முறையை வெட்டி எறிந்த மறுநாள்

கர்னல் என்னும் சர்வரின் மைய மென்பொருளில் இருந்து பழைய பிளாக் முறையை நான் ஒழித்துக்கட்டிய மறுநாள் காலை, காமாட்சியம்மா கச்சால் தீவில் இருந்து மகள் அம்பிகாவோடு வந்து நின்றார். அப்போது போர்ட் பிளேரில் ஒரு சிறிய அலுவலகத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

"சார், புள்ளைக்கு மெயின்லேண்டுல நர்சிங் சீட்டு கெடைச்சிருக்குங்க. பொறப்பு சர்டிபிகேட்டு தகர ஷெல்டர்ல ஒழுகி நைஞ்சு போச்சு. சுனாமி கேம்ப்ல நீங்கதானே ஸ்கேன் எடுத்தீங்க? நாலு மணிக்குக் கப்பலுங்க. இத விட்டா சீட்டு போயிரும்."

"ரெண்டு நிமிஷம்மா" என்று பெரிய மனிதன் போலச் சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்தேன். எரர். அடுத்ததும் எரர். கேம்ப்பில் எடுத்த ஸ்கேன் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபைல் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்பதைப் பழைய முறை ஒவ்வொரு பிளாக்காக, அதாவது டிஸ்கின் ஒவ்வொரு சிறு கட்டமாக, எழுதி வைக்கும். புதிய முறையோ, 'இங்கிருந்து இத்தனை பிளாக்' என்று ஒரே வரியில் முடித்துவிடும். டிஸ்கைப் புதிய முறைக்கு மாற்றினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சர்வரில் மெமரி குறைவு, எனக்குத் திமிர் அதிகம். பழைய முறையைப் படிக்கும் பகுதியைக் கர்னலில் இருந்தே வெட்டி எறிந்தேன், முந்தைய கர்னலையும் அழித்தேன். சோதனைக்கு நான்கு ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். நான்கும் மாற்றியபின் அன்று எழுதியவை! டிஸ்கை மாற்றினாலும் ஏற்கெனவே இருக்கும் ஃபைல்கள் பழைய முறையிலேயே கிடக்கும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

பழைய கர்னலை இறக்கிக்கொள்ளலாம் என்றால் அன்று இன்டர்நெட்டும் படுத்துவிட்டது. கடலுக்கு அக்கரையில் இருக்கும் எங்கள் பாம்பூஃப்ளாட் கிளை ஆபரேட்டர் முத்தையாவுக்குப் போன் செய்தேன். நான் வெட்டிக் கொடுத்த கர்னலைப் போடமாட்டேன் என்று அடம்பிடித்தவர் அவர்.

"பாயி, உங்க மெஷின்ல பழைய கர்னல் இருக்கா?"

"அரே, நேத்துதானே என்னை மியூசியம்னு கிண்டல் பண்ணே? மியூசியம் குலா ஹை, தொறந்துதான் இருக்கு. வா, வா."

டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, டிபன் பையில் வைத்து, சாத்தாம் ஜெட்டியில் மூன்று பேரும் ஃபெர்ரி ஏறினோம். காமாட்சியம்மா பையை மடியைவிட்டு இறக்கவே இல்லை. மறைக்க மனமில்லாமல் தப்பு என்னுடையது என்று முழுக்கதையையும் சொன்னேன். அம்பிகா கண் கொட்டாமல் கேட்டாள்.

முத்தையா மெஷினில் மாட்டியதும் ஃபைல் திறந்துகொண்டது. ஓரத்தில் கேம்ப் டீயின் கறைகூட அப்படியே இருந்தது. காமாட்சியம்மா திரையையே தொட்டுக் கும்பிட்டார். பிரின்ட் எடுத்து, சீல் வைத்து, மூன்றரைக்கு அம்பிகாவைக் கப்பலில் ஏற்றினோம்.

அதன்பிறகு முத்தையாவின் கர்னலையே சர்வரில் போட்டேன். பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகப் புதிதாக நகலெடுத்து, பழைய முறையில் ஒன்றுகூட இல்லை என்று உறுதிசெய்துகொண்டேன். அப்புறம்தான் பழைய முறையை வெட்ட மறுபடி கத்தியைக் கையில் எடுத்தேன். எதையும் நீக்கும் முன் அதை இன்னும் யார் நம்பியிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

சில வருடங்கள் கழித்துக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசியோடு வந்த நர்ஸ் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அம்பிகா!

"சார், முன்னாடி எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்கா?"

"ஞாபகம் இல்லம்மா. நீ சும்மா போடு."

"அதெப்படி? பழசைப் பாக்காம புதுசைப் போட்டா என்ன ஆகும்னு ஃபெர்ரியில நீங்கதானே சொன்னீங்க?" என்று சொல்லிவிட்டு, என் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடப் போனாள்.