குப்புறக் கிடந்தவர்

நான் ராம்நாடு அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது என்ன உத்தியோகம் என்று என்னைப் பெற்ற அய்யாவுக்கு என்னால் விளக்க முடியவில்லை. கடலாடிப் பக்கம் மிளகாயும் கம்பும் போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. பழைய சாமான்களைக் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிற வேலை என்றேன். அதுக்கா மதுரை வரைக்கும் போயிப் படிச்ச என்று கேட்டுவிட்டு, தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. என் நாட்களில் பாதி கோப்புகளோடு போகும். மீதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வாளையும் பீரங்கிக் குண்டையும் காட்டுவதில் போகும். எப்போதாவது ஒரு கிராமத்திலிருந்து, மண்ணுக்குள் ஏதோ கிடக்கிறது என்று போன் வரும். ஜீப்பில் போய்ப் பார்த்தால் உடைந்த உரலாக இருக்கும். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் அந்தக் கோடையிலும் கிளம்பினேன்.

சாயல்குடிக்கும் மாரியூருக்கும் இடையில் ஒரு சின்ன ஊர். கடல் கண்ணுக்குத் தெரியாது, காற்றில் மட்டும் இருக்கும். ஊர்க் குளத்தைத் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். படித்துறை ஓரத்தில் துணி துவைக்கிற பெரிய பலகைக்கல் ஒன்று கிடந்தது. அதைத் தள்ளிப் போடுவதற்காக ஜேசிபி ஓட்டுநர் ஒரு முனையைத் தூக்கியிருக்கிறார். அடியில் பூவேலை போல ஏதோ தெரிந்திருக்கிறது. உடனே அந்த முனையை ஒரு கட்டை மேல் இறக்கி வைத்து எஞ்சினை நிறுத்தியவர், அதன்பிறகு யார் சொல்லியும் தொட மாட்டேன் என்றுவிட்டார். ஊராட்சித் தலைவர் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்ல, அவர் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

நான் குனிந்து அந்த இடுக்கில் டார்ச் அடித்தேன். சேற்றுக்கு நடுவே ஒரு வளைவு, அதன் மேல் இன்னொரு வளைவு, அதற்கும் மேல் ஒன்று. முக்குடை. சமணத் தீர்த்தங்கரர்களின் தலைக்கு மேல் மட்டும் செதுக்குகிற மூன்று அடுக்குக் குடை அது. டார்ச்சை என்னோடு வந்த உதவியாளரிடம் கொடுத்து, அவரையும் பார்க்கச் சொன்னேன்.

இயந்திரத்தால் புரட்ட வேண்டாம் என்றேன். வைக்கோலைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து பரப்பினார்கள். ஆண்கள் கடப்பாரை கொடுத்து நெம்ப, மற்றவர்கள் வடத்தைப் பிடித்துத் தாங்கிக்கொள்ள, கல் மெதுவாக எழுந்து, ஒரு கணம் விளிம்பில் நின்று, வைக்கோல் மேல் மல்லாந்தது. ஒரே சேறு. ஒரு பெண் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர், ஐம்பது வயதிருக்கும். காலையில் முதல் ஆளாக அந்தக் கல்லில் துவைக்க வருகிறவர் அவர்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் ஊற்ற ஊற்ற நான் மெல்லிய தூரிகையால் சேற்றைத் தள்ளினேன்.

முதலில் நெற்றி வந்தது. பிறகு பாதி மூடிய இமைகள். மூக்கு நுனிகூட உடையவில்லை. உதடுகள் சிரிக்கவும் இல்லை, சிரிக்காமலும் இல்லை. ஆயிரம் வருடத்துக்குக் குறையாத முகம், நேற்று உளியை எடுத்ததுபோல இருந்தது. எத்தனையோ சிலைகளைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்குள் பார்ப்பது வேறு. அந்த முகத்தின் மேல் இவ்வளவு காலத்துக்குப் பிறகு வெயில் விழுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு. ஒருவர் செருப்பைக் கழற்றினார். பிறகு எல்லோரும் கழற்றினார்கள்.

தண்ணீர் ஊற்றிய அம்மாள் குடத்தைக் கீழே வைத்தார்.

"இவரு முதுகுலயா நாங்க இம்புட்டு வருசமாத் தொவைச்சோம்?" என்றார், மெதுவாக.

அதற்குப் பிறகுதான் சிக்கல் வந்தது. காலையில் அதைக் குப்பை போலத் தள்ளிப் போட இருந்த ஊர், மத்தியானத்துக்குள் அதைவிட்டுப் பிரிய மாட்டேன் என்றது. "எங்க மண்ணுல கெடந்தது, இங்கனதான் இருக்கும். கொட்டகை போட்டு நாங்க பாத்துக்கிருவோம், மேடம்" என்றார் தலைவர். மண்ணுக்குள் கிடைத்தது அரசுக்குச் சேரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லி, போலீஸை வரவழைத்து எடுத்துப் போயிருக்கலாம். அந்த முகத்தை அப்படிக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

குளக்கரையில் இன்னொரு பழைய கல் நட்டிருந்தது. என்ன உருவம் என்றே தெரியாத ஒரு புடைப்பு அதில் இருந்தது. எல்லோரையும் அங்கே கூட்டிப்போய், கடலைப் பார்த்த பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். தலைவர் தடவினார். விரலோடு மாவு மாதிரி உதிர்ந்து வந்தது. இதிலும் ஒரு முகம் இருந்திருக்கும், உப்புக்காற்று தின்றுவிட்டது என்றேன். படித்துறையில் இருந்தவர் குப்புற விழுந்து கிடந்ததால்தான் தப்பித்தார், நிமிர்த்தி வைத்தால் நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்கு மூக்கு இருக்காது என்றேன்.

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசியது அந்த அம்மாள்தான். "அவரு நல்லா இருக்கட்டும்யா. ராம்நாடு என்ன சீமையிலயா இருக்கு? நாம போயிப் பாத்துக்கிருவோம்."

ஒரே ஒரு நிபந்தனை. அனுப்புவதற்கு முன் பெண்கள் ஒரு முறை அவரைக் குளிப்பாட்ட வேண்டும். எண்ணெயும் மஞ்சளும் கல்லுக்கு ஆகாது, வெறும் தண்ணீர் மட்டும் என்று கேட்டுக்கொண்டேன். சம்மதித்தார்கள். வரிசையாக நின்று குடம் குடமாக ஊற்றினார்கள். குலவையிட்டார்கள். கிளம்பும்போது லாரிக்கு முன்னால் ஒரு தேங்காய் உடைந்தது.

அருங்காட்சியகத்தில் மாதக்கணக்கில் வேலை இருந்தது. காகிதத்தைக் கூழாக்கி, உப்பில்லாத நீரில் குழைத்து, கல் முழுக்க அப்பி வைப்போம். காயக் காய உள்ளே இருக்கிற உப்பு கூழுக்கு வந்துவிடும். உரித்து எடுத்துவிட்டு மறுபடி அப்புவோம். முதுகுப் பக்கம் செய்யும்போதுதான் கவனித்தேன். முரட்டுக் கல்லின் நடுவில் ஒரு இடம் மட்டும் சுளகு போலப் பள்ளமாகி, வழவழவென்றிருந்தது. தலைமுறை தலைமுறையாகத் துணியும் கையும் பட்டுத் தேய்ந்த இடம். முன்பக்கத்தைச் செதுக்கிய சிற்பி யாரென்று தெரியாது. இந்தப் பக்கத்தைச் செதுக்கியவர்கள் அதைச் செதுக்குகிறோம் என்றே அறியாமல் செய்திருக்கிறார்கள். என்னால் கையை எடுக்க முடியவில்லை. சுவரோடு சாய்த்து வைக்கலாம் என்று மேலதிகாரி சொன்னார். நான் வாதாடி, இரண்டு பக்கமும் தெரியும்படி கூடத்தின் நடுவில் நிறுத்தினேன்.

கூடம் திறந்த சில வாரங்களில் அந்த ஊர்ப் பெண்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். முன்னால் நின்று கும்பிட்டார்கள். பின்னால் போனதும் பேச்சு வந்துவிட்டது. அந்தப் பள்ளத்தைப் பார்த்து, இது என் மாமியார் கை, இது எங்க சின்னம்மா கை என்று சொல்லிச் சிரித்தார்கள். இவர் யார் என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் துறந்து போனவர், எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர், இவர் வழியில் நடந்தவர்கள் ஒரு காலத்தில் இந்தக் கரையில் வாழ்ந்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"அதான், அந்த அடி அடிச்சும் பேசாம இருந்திருக்காரு" என்றார் அந்த அம்மாள். யாரும் சிரிக்கவில்லை.

புளியோதரைப் பொட்டலங்களை வேப்பமரத்தடியில் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் வேனில் ஏறிய பிறகு அவர் மட்டும் திரும்பி வந்தார். சிலைக்கு மேலே எரிந்த விளக்கைக் காட்டி, ஆளில்லாத நேரத்தில் அதை அணைத்துவிடுவீர்களா என்று கேட்டார். சாயந்திரம் பூட்டும்போது அணைத்துவிடுவோம் என்றேன்.

"அமத்திரு தாயி. அம்புட்டு வருசம் இருட்டுல கெடந்தவரு. கண்ணு கூசும்."

வேனிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வாரேன் என்று என்னிடமா அவரிடமா தெரியாமல் சொல்லிவிட்டு, படியிறங்கிப் போனார்.