கடலுக்குப் போகும் இறக்கம்

"எலே, கடல் வரைக்கும் இறக்கமாக்கும். சின்னப் பிள்ளைகூட ஓட்டலாம். ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போகாட்டி என்ன?" என்றான் நண்பன். பாவி, நம்பிவிட்டேன்.

விடியற்காலையில் எங்கள் ஊர் குன்னத்துகாலிலிருந்து ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினோம். பொழியூர் கடற்கரை வரை நான் மிதித்ததே குறைவு. ரப்பரும் தென்னையும் தாமாகப் பின்னால் ஓடின. அலையைப் பார்த்தபோதுதான் திரும்பும் வழி முழுக்க ஏற்றம் என்பது உறைத்தது. அவனுக்கு முன்பே தெரியும். அவன் மைத்துனனின் வேன் அங்கே காத்து நின்றது.

"ஒரு சைக்கிளுக்குத்தான் எடம் உண்டு மக்கா, நீ மெள்ள வா" என்று ஏறிப் போய்விட்டான்.

வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் ஊர் வந்து சேர்ந்தபோது, சர்ச்சிலிருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவனும் வந்தான், குளித்து, வெள்ளைச் சட்டையில். ஆராதனைக்கு வராதவர்களுக்காக அவன்தான் இன்று உருக்கமாக ஜெபித்தான் என்றாள் என் மனைவி. அவன் சொன்ன முதல் பெயர் என்னுடையதாம்.