சீட்டில்லாத ஆறு மூட்டை

நெல்லிவாசல்நாட்டுப் பாஞ்சாலைக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் முப்பத்தைந்து வருஷம் ஒரே புளியமரத்தோடு குடித்தனம். புருஷனோடுகூட அத்தனை நாள் வாழவில்லை. அந்த மரத்தின் உச்சியில் நின்றால் போளூர் ஸ்டேஷனில் யார் டிக்கெட் எடுக்காமல் ரயிலேறுகிறார்கள் என்று தெரியும். அதன் புளிப்பை நினைத்தாலே படவேட்டில் பால் திரியும். மாமியார் கைகாட்டிக் கொடுத்த மரம்தான். ஆனால் நிற்பது காட்டு எல்லைக்குள்.

அனுமதிச் சீட்டு இல்லாமல் காட்டுப் புளியை மலையிறக்கக் கூடாது என்று மூன்று வருஷத்துக்கு முன் ஒரு விதி வந்தது. பாஞ்சாலை ஒழுங்காகச் சீட்டு வாங்கினாள். இந்த மாசியில் ஜீப் ஓட்டும் ராஜாக்கண்ணு சேதி கொண்டுவந்தான்.

"அத்தே, அந்த விதிய கோர்ட்டுல ரத்து பண்ணிட்டாங்களாம். பேப்பர்ல போட்டுக்கீது."

"அப்போ சீட்டு?"

"சீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மலையில் ஊர்க்கூட்டத்துத் தீர்ப்பில் ஒரு சொல் தப்பானால் மொத்தமும் போயிற்று. வெற்றிலையை மறுபடி வைத்து முதலிலிருந்து பேசுவார்கள். கோர்ட்டும் அப்படித்தான் என்று பாஞ்சாலை நினைத்துக்கொண்டாள். மரத்தை உலுக்கி, ஓடு நீக்கி, ஆறு மூட்டை கட்டி ஜீப்பில் ஏற்றினாள். மகள் தேவயானியின் நர்சிங் படிப்பில் கடைசி வருஷம் அந்த ஆறு மூட்டைக்குள்தான் இருந்தது.

சோதனைச்சாவடியில் மூட்டைகளை இறக்கினார்கள்.

"சீட்டு எங்கம்மா?" என்றார் வனக்காவலர்.

"விதியத்தான் ரத்து பண்ணிட்டாங்களே சார்."

"சீட்டு குடுக்குற பிரிவ மட்டுந்தான் பண்ணாங்க. சீட்டில்லாம எடுக்கக் கூடாதுன்ற பிரிவு அப்படியே கீது. ஒண்ணு போனாலும் மத்தது செல்லும்னு விதியிலயே எழுதிக்கீது."

"அப்போ சீட்ட யாரு குடுப்பாங்க?"

"யாரும் குடுக்க முடியாது."

"இல்லாத சீட்ட இன்னா சார், பெத்துக்கினா வர்றது?"

முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த மரத்துப் புளி அவளுக்கென்று வன உரிமைச் சட்டப்படி கிராமசபை கொடுத்த தாளை நீட்டினாள். அவர் நிதானமாகவே படித்தார்.

"இது வேற சட்டம்மா. ரெண்டும் முட்டிக்கினா எங்களுதுதான் செல்லும்னு எங்க விதியில கீது."

"இந்தச் சட்டத்துல?"

"இதுலயும் இதுதான் செல்லும்னு கீது."

"அப்போ எது சார் செல்லும்?"

"அத கோர்ட்டுதான் சொல்லணும். அதுவரைக்கும் மூட்டை இங்கதான் கெடக்கும்."

கோர்ட்டு வாய் திறப்பதற்குள் வானம் திறந்தது. சாவடிக்குப் பின்னால் மூடாமல் கிடந்த மூட்டைகள் ஆடி மழையில் கறுத்துக் கூழாகி வழிந்தன. தேவயானி படிப்பை விட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறினாள்.

சீட்டில்லாமல் புளி இறக்கியதாக அவள்மேல் போட்ட வழக்குக்குப் பாஞ்சாலை இப்போதும் வாய்தாவுக்கு வாய்தா போளூர் கோர்ட்டுக்குப் போய்வருகிறாள். புளிதான் இல்லையே, வழக்கு எதற்கு என்று வக்கீலைக் கேட்டாள். புளி போனாலும் குற்றம் நிற்கும் என்றார் அவர்.